படகில் உறைந்த தயிர்

சதுர்த்தி நிலாவைப் பார்த்தால் வீண்பழி வந்து சேரும் என்று ஊர் உலகமெல்லாம் அன்று சாயங்காலம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நடக்கும். மிதிலைக்காரர்களுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. ஆவணி வாக்கில் வரும் பாதோ மாதத்து வளர்பிறைச் சதுர்த்தியில் வாசலை மெழுகி, மாக்கோலம் போட்டு, புதுச்சட்டியில் உறைந்த தயிரை இரண்டு கையாலும் தூக்கி நிலாவின் மூஞ்சிக்கு நேராகவே காட்டுவார்கள். தயிரைக் கண்டதும் நிலா பழிபோடும் புத்தியை விட்டுவிட்டு அசடு வழியுமாம். இந்தப் பண்டிகைக்குச் சௌர்ச்சன் என்று பேர். பிராமணனோ, மீன் பிடிக்கிறவனோ, அன்றைக்குத் தயிர் இல்லாத வீடு அங்கே வீடே இல்லை. அதிலும் எருமை மேய்க்கிற யாதவ வீட்டில் தயிர் இல்லை என்றால், அதைவிடக் கமலா நதியிலேயே இறங்கிவிடலாம்.

அந்த வருஷம் இறங்கவும் வேண்டியிருக்கவில்லை. கமலா நதியே வீடு தேடி வந்துவிட்டது. வெள்ளம் வந்த வேகத்தில் தவளைகள் மாமரத்தில் ஏறி மாங்காய் தின்றன என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பாதோ மாதத்தில் மாங்காய் ஏது என்று கேட்டால், தவளைகள் தின்று தீர்த்ததால்தான் இல்லை என்பார்கள். ஜீபச்சியும் அவள் புருஷன் அஷர்ஃபி யாதவும் எருமைகளை ஓட்டிக்கொண்டு வெள்ளக்கரை மேலே ஏறி, தார்ப்பாய்க் குடிசை போட்டு உட்கார்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் நதி, ஒரு பக்கம் முங்கிப்போன வயல், நடுவில் முதுகெலும்பு மாதிரி கரை, கரை முழுக்க எருமைகள். சாணி நாற்றத்தில் கொசுக்களே வேறு ஊருக்குக் குடிபோயின.

ஞாயிற்றுக்கிழமை காலை கறவை முடிந்து, ஜீபச்சி ஒரு கிண்ணத்தில் அவலை நனைத்து, உப்பும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்து முதல் பிடியை வாய்க்குக் கொண்டு போனாள். கை பாதி வழியில் இருக்கும்போது தண்ணீரிலிருந்து ஒரு குரல் கேட்டது. கரையில் இரண்டு குடிசை தள்ளி இருக்கும் படகுக்காரன் லோட்டன் சகனி, ராத்திரி வலைபோட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான்.

"என்ன மதினி, இந்த வருஷம் விரதம் கிடையாதா? இல்ல, வயசாயிடுச்சுன்னு நிலா கிட்ட லீவு சொல்லிட்டியா?"

"நாளைக்கு விரதத்துக்கு இன்னிக்கே பட்டினி கெடக்கணுமாடா? போய் உன் மீனைக் கழுவு."

"நாளைக்கா? சௌர்ச்சன் இன்னிக்குத்தானே."

ஜீபச்சியின் கை அப்படியே நின்றது. "திங்கக்கெழமைன்னு காலண்டர்ல போட்டிருக்குடா. நம்ம உரக்கடைக் காலண்டர். லட்சுமி படம் போட்டது."

"அது எங்கயோ பெரிய ஊர்ல அச்சடிச்சது மதினி. அவங்க சூரியன் உதிக்கறப்ப எந்தத் திதியோ அதத்தான் போடுவாங்க. நமக்கு நிலாவுக்குத்தானே விரதம், சாயங்காலம் சதுர்த்தி இருக்கணும். நாளைக்கு மத்தியானத்தோட சதுர்த்தி தீந்துடுது. நாளைக்கு ராத்திரி நீ தயிரத் தூக்கிக் காட்டினா, வந்து பாக்கறது பஞ்சமி நிலாவா இருக்கும். யாரு வீட்டுக்கு யாரு விருந்துன்னு அது முழிக்கும். விடியக்காலம் உன் பொண்ணு ஊர்ப் பக்கந்தான் வந்தேன். பர்சௌனியில பொம்பளைங்க எல்லாம் வாசல் மெழுகிக்கிட்டிருக்காங்க."

ஜீபச்சி பிடித்த பிடி அவலைக் கிண்ணத்திலேயே போட்டாள். விரதம் பிழைத்தது. ஆனால் தயிர் போச்சு. பண்டிதர் வழக்கமாக வீடு வீடாக வந்து நாள் சொல்லுவார்; கரைக்கு வர அவருக்கு நீச்சல் தெரியாது. காலண்டரை நம்பி எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தாள். நேற்றுச் சாயங்காலத்துப் பால் முழுக்கப் பால்கோவாக்காரனுக்குப் போய்விட்டது. இன்று சாயங்காலம் கறந்து, ராத்திரி உறைய வைத்து, நாளை விடிந்ததும் காவுத்தடிக்காரன் தோளில் ஏற்றி அனுப்புவதாக ஏற்பாடு.

அனுப்ப வேண்டியது யாருக்கு என்பதில்தான் வினையே இருந்தது. மகள் அமோலா கல்யாணமாகிப் போய் வருகிற முதல் சௌர்ச்சன். முதல் வருஷம் பிறந்த வீட்டுத் தயிர் போயே ஆகவேண்டும். அந்தச் சட்டியை மருமகள் கையால் தூக்கி நிலாவுக்குக் காட்ட வேண்டும். போகாவிட்டால், எருமைக்காரன் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் ஒரு சட்டித் தயிருக்கு வழியில்லை என்று பர்சௌனியில் பேச்சாகும். அந்தப் பேச்சை அமோலாவின் மாமியார் ஜனக்துலாரி வாயில் போட்டு மென்றால், பேரன் பேத்தி எடுக்கும்வரை துப்பமாட்டாள். ஜனக்துலாரியின் குரலுக்குப் பயந்து அவர்கள் ஊர்க் கோழிகள் ஓசைப்படாமல் முட்டையிடும்.

"அமோலா அப்பா, எந்திரிங்க," என்றாள் ஜீபச்சி. "கரைமேல பால்கோவாக்காரன் சைக்கிள் வருதா பாருங்க. இன்னிக்கு ஒரு சொட்டுப் பால் கிடையாதுன்னு சொல்லி அனுப்புங்க."

அஷர்ஃபி தலையை மட்டும் தூக்கினார். போன வாரம் ஒரு எருமை அவர் பாதத்தின் மேல் நின்றுகொண்டு, நகர மனமில்லாமல் யோசித்ததில், கால் பூசணிக்காயாகியிருந்தது. "இப்ப உறைய வச்சு எப்ப உறையும், எப்ப போய்ச் சேரும்? ரோடும் அத்துக்கிட்டுக் கெடக்கு. இடுப்புத் தண்ணியில நடக்க வழி தெரிஞ்ச காவுத்தடிக்காரன் கூரன் நாளைக்குத்தான் வருவான்."

"ரோடு எதுக்கு? தண்ணி இருக்கு. லோட்டன் படகு இருக்கு. படகுலயே உறையட்டும்."

"போற படகுல தயிர் உறையுமா? அது என்ன தொட்டில் புள்ளயா, ஆட ஆடத் தூங்கறதுக்கு?"

"ஆடாமப் போனா உறையும்."

"யாரு எடுத்துக்கிட்டுப் போறது? என் காலு இந்த லட்சணத்துல இருக்கு."

"நான்தான்."

அஷர்ஃபி எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "பொண்ணு குடுத்த வீட்டுக்குப் பெத்தவ போறதா? அதுவும் சீர் தூக்கிக்கிட்டு? அங்க ஒரு வாய்த் தண்ணி குடிக்கக் கூடாது நாம."

"நான் எங்க வீட்டுக்குப் போறேன்னேன்? படகுலயே குந்தியிருப்பேன். தண்ணி குடிக்க மாட்டேன், விரதம் வேற. அவங்க வாசலை என் கால் மிதிக்காது. சட்டி மட்டும் மிதிக்கும்."

அஷர்ஃபி நொண்டிக்கொண்டே பால்கோவாக்காரனைத் திருப்பி அனுப்பக் கிளம்பினார். முப்பது வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடங்களில் அதுவும் ஒன்று.

ஜீபச்சி வறட்டி நெருப்பைத் தணித்துவைத்துப் பாலை ஏற்றினாள். அவசரம் என்று நெருப்பை ஏற்றிவிடவில்லை. அடிபிடித்த பாலில் உறைந்த தயிர், கோபத்தில் பேசின பேச்சு மாதிரி, கடைசிவரை நாறும். கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பால் மெல்லச் சுண்டி, செம்மண் தண்ணீர் மாதிரி நிறம் மாறி, ஏடு கட்டியது. அந்த ஏட்டின் மேல் ஒரு காக்கை வந்து நடந்து பார்த்துவிட்டுப் போனது என்று லோட்டன் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தான். காக்கை வந்தது உண்மை. ஜீபச்சி கரண்டியால் விரட்டியதும் உண்மை.

லோட்டனுக்கு வேறு கவலை. "மதினி, என் வீட்டுலயும் விரதந்தான். சாயங்காலம் நான் இல்லாட்டி என் வீட்டுக்காரி என்னை வலையில கட்டி ஆத்துல விட்டுடுவா."

"அவளுக்கு நான் சொல்லிக்கறேன். உங்க வீட்டுக்கும் ஒரு சட்டி உறைய வச்சுத் தர்றேன். நீ மொதல்ல படகைக் கழுவு. மீன்வாடையில தயிர் வச்சா நிலா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மேகத்துக்குள்ள போயிடும்."

சாம்பல் போட்டு ஒரு தடவை, சாணி கரைத்து ஒரு தடவை, வேப்பிலை போட்டு ஒரு தடவை கழுவினார்கள். அந்தப் படகு கட்டின நாளில்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. பிறகு நடுவில் உமியைக் கொட்டி, வறட்டியின் சுடுசாம்பலை அதில் கலந்து, வைக்கோல் பிரிமணைகளை வரிசையாகப் பதித்தாள். பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உறையைக் கலந்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட. ரொம்பக் கூட்டினால் புளிக்கும், குறைத்தால் நேரத்துக்கு உறையாது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அளவு அவள் கட்டைவிரலுக்குத் தெரியும். புதுச்சட்டிகளில் ஊற்றி, வாழையிலையால் வாயைக் கட்டி, அமோலா வீட்டுக்கு ஐந்து சட்டிகளைப் பிரிமணையில் உட்காரவைத்து, மேலே பழைய பஞ்சுப்போர்வையான ரஜாயைப் போர்த்தினாள். தனக்கும் லோட்டன் வீட்டுக்கும் வைத்ததை அஷர்ஃபியிடம் ஒப்படைத்தாள்.

"நிலா வந்ததும் நீங்களே காட்டுங்க."

"பொம்பளைங்க விரதம் அது."

"தயிரை யாரு தூக்கினான்னா நிலா பாக்கப்போவுது? மீசையை மட்டும் கொஞ்சம் மறைச்சுக்கங்க."

படகு கிளம்பும்போது சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

லோட்டன் வாழ்நாளில் அப்படிப் படகு விட்டதில்லை. மூங்கில் கழியைத் தண்ணீரில் இறக்கினால் சத்தம் கேட்கக் கூடாது, எடுத்தால் சொட்டக் கூடாது. பாட்டுப் பாட ஆரம்பித்தான், ஜீபச்சி அடக்கினாள். இருமினான், முறைத்தாள். படகின் விளிம்பில் ஒரு தட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்ததும், அந்தப் பக்கம் எடை கூடிவிடும் என்று அதை எழுப்பி விட்டாள்.

"மூச்சு விடலாமா மதினி?"

"மெதுவா விடு."

வெள்ளத்துக்கு மேலே தலைநீட்டிய மூங்கில் புதர்கள், முங்கிய பள்ளிக்கூடத்தின் ஓடு, ஓட்டின் மேல் ஒரு ஆடு, எல்லாம் ஆடாமல் அசங்காமல் பின்னால் போயின. வெயில் காய்ந்தது. ஜீபச்சிக்கு நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. அதைப் பற்றி அவள் நினைக்கவில்லை. ரஜாய்க்குள் கையை விட்டுச் சட்டியின் பக்கவாட்டை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. உறைகிற நேரத்தில் வாழையிலையைத் திறந்து எட்டிப்பார்த்தால் தயிருக்குக் கூச்சம் வந்துவிடும்.

பாதி வழி தாண்டி, நதியின் பழைய வாய்க்கு வரும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டடடடவென்று ஒரு மோட்டார் படகு. வெள்ளத்தைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் குடை பிடித்து நடுவில் உட்கார்ந்திருந்தார். படகு கிழித்துக்கொண்டு வந்த வேகத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் மலைமாதிரி எழும்பியது. லோட்டன் சொல்வதானால் பனைமர உயரம். முழங்கால் உயரம் நிச்சயம் இருக்கும். அந்த அலை வந்து அடித்தால் ஐந்து சட்டியும் மோர்தான்.

ஜீபச்சி எழுந்து நின்றாள். நின்றால் படகு ஆடும் என்பதால் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் ஊன்றி, தராசு முள் மாதிரி நின்றாள். முந்தானையைத் தலைக்குமேல் தூக்கி வீசினாள்.

"எஞ்சினை நிறுத்துங்க. நிறுத்துங்கய்யா அதை."

அதிகாரி பதறிப் போனார். "என்னம்மா? உள்ள யாராவது நோயாளியா? பிரசவமா?"

"உள்ள தயிர் உறையுதுங்க."

அதிகாரி எந்த ஊர்க்காரரோ, குடையைத் தாழ்த்திவிட்டு அவளையே பார்த்தார். ஆனால் எஞ்சினை ஓட்டியவன் அந்தப் பக்கத்துக்காரன். மேலதிகாரியைக் கேட்காமலேயே எஞ்சினை அணைத்தான். திடீரென்று உலகமே செவிடானது போல ஒரு அமைதி.

"சார், இன்னிக்குச் சௌர்ச்சன். அது பொண்ணு வீட்டுக்குப் போற தயிர். நான் அலையடிச்சு அது உடைஞ்சதுன்னு தெரிஞ்சா, என் பொண்டாட்டி எனக்கு இந்த ஜென்மத்துல சோறு போடமாட்டா."

"அப்ப எப்படிப் போறது?"

"தள்ளிக்கிட்டுப் போவோம் சார். இந்தாங்க, நீங்களும் ஒரு மூங்கிலைப் பிடிங்க."

வெள்ளத்தைப் பார்வையிட வந்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மூங்கில் பிடித்துத் தள்ளினார். படகுகள் இரண்டும் ஒன்றையொன்று உரசாமல், கோயிலில் எதிர்ப்பட்ட சம்பந்திகள் மாதிரி மரியாதையாக விலகிப் போயின. எழும்பி வந்த பழைய அலையில் மட்டும் லோட்டன் படகு ஒரு முறை ஏறி இறங்கியது. ஜீபச்சி ரஜாயின் மேல் இரண்டு கையையும் பரப்பி அமுக்கிக்கொண்டாள். உள்ளே களக் என்று ஒரு சத்தம் கேட்டதா, கேட்கவில்லையா? லோட்டன் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல மதினி," என்றான் லோட்டன், அவள் கேட்காமலே.

பர்சௌனித் துறைக்குப் போய்ச் சேரும்போது பொழுது இறங்கி, மேற்கே மேகம் கூட்டம் போட்டிருந்தது. துறையில் ஊர்ப் பெண்கள் தட்டில் பழமும் சோமாசியும் விளக்கும் வைத்துக்கொண்டு, மேகம் விலகக் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், தண்ணீர் விளிம்பில், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஜனக்துலாரி நின்றாள். அவளுக்குப் பின்னால் முக்காட்டுக்குள் அமோலா. முக்காடு மூக்குவரை இருந்தாலும், அழுதிருக்கிறாள் என்பது தாய்க்குத் தெரிந்தது.

"யாரது?" என்றாள் ஜனக்துலாரி. "உங்க ஊர்ல காவுத்தடிக்காரங்க எல்லாம் இப்பப் புடவைதான் கட்டறாங்களா?"

"ஆம்பளைங்க தூக்கினா தாங்காது சம்பந்தியம்மா, தயிர் அம்புட்டு கனம். அதான் நானே வந்தேன்."

"பொழுது போனப்புறம் வருது சீர். உங்க எருமைங்க மத்தியானந்தான் எந்திரிக்குமோ?"

"விடியறப்பவே கொண்டாந்திருப்பேன். சாயங்காலம் நிலாவுக்குக் காட்டற தயிர் சாயங்காலம் உறைஞ்சாத்தான் அதுக்கு மரியாதை. புளிச்சதைக் காட்டி, அது பல்லு கூசி ஓடிப்போறதுக்கா?"

கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஜனக்துலாரி சிரிக்கவில்லை.

"பேச்சு கெட்டியாத்தான் இருக்கு. தயிர் கெட்டியான்னு பாக்க வேணாமா?"

"பாருங்க. கவுத்துப் பாருங்க. தண்ணியில கவுக்காதீங்க, பாவம், மீனெல்லாம் அடிபட்டுச் சாகும். என் தலைமேல கவுத்துங்க."

சொல்லி முடித்த பிறகுதான் ஜீபச்சிக்கு ஞாபகம் வந்தது. காலையிலிருந்து அந்தச் சட்டிக்குள் அவள் பார்க்கவே இல்லை. களக் என்ற அந்தச் சத்தம் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. முக்காட்டை விலக்கி, வகிட்டைக் காட்டி, தலையை நீட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்தாள்.

ஜனக்துலாரி படகில் இறங்கினாள். படகு ஒரு சாண் அமுங்கியது. லோட்டன் மறுமுனைக்குத் தாவிச் சரிக்கட்டினான். அவள் ரஜாயை விலக்கி, ஒரு சட்டியை எடுத்து, வாழையிலையை அவிழ்த்தாள். அமோலா ஒரு அடி முன்னால் வந்தாள். ஜீபச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

சட்டி கவிழ்ந்தது.

தயிர் விழவில்லை. ஒரே ஒரு சொட்டு மோர்த்தெளிவு மட்டும் வகிட்டில் விழுந்து, நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுவிட்டு நின்றது. அந்தச் சட்டி எவ்வளவு நேரம் கவிழ்ந்திருந்தது என்பதில் பர்சௌனியில் கட்சிகள் உண்டு. ஜனக்துலாரி ஒரு கையில் கவிழ்த்த சட்டியோடு, மறு கையால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடித்துச் செருகினாள் என்று ஒரு கட்சி. விரத நாளில் வெற்றிலை ஏது என்று எதிர்க்கட்சி கேட்பதில்லை. அவர்கள் கட்சியில் அவள் கவிழ்த்தபடியே படகில் ஒரு சுற்று நடந்து வந்தாள்.

சட்டியை நிமிர்த்திய ஜனக்துலாரி, அதை மடியில் வைத்துக்கொண்டு ஜீபச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் தணிந்தது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே யாருக்கும் தெரியாது.

"எத்தனை சட்டி?"

"அஞ்சு."

"அஞ்சையும் எறக்கு. எங்க வீட்டுல ஒண்ணுகூட உறையல. முந்தாநாளே என் உறை கெட்டுப்போச்சு போல. நேத்து ராத்திரி வச்சது, இன்னும் தண்ணியாத்தான் நிக்குது. இந்த வருஷம் வெள்ளத்துல எருமை போனவங்க வீட்டுக்கெல்லாம் நாந்தான் தயிர் தர்றேன்னு வாய விட்டுட்டேன். அத்தனை பேரும் மேல நிக்கறாங்க. மத்தியானத்துலேருந்து இந்தத் துறையிலதான் நிக்கறேன், உங்க வீட்டுச் சீர் வருதான்னு. உன் பொண்ணுக்குத்தான் விஷயம் தெரியும். அதான் அழுதுக்கிட்டு இருக்கா."

ஜீபச்சி கண்ணைத் திறந்து சம்பந்தியைப் பார்த்தாள். இனி பிறக்கப்போகிற பேரன் பேத்திகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிக் குத்திக்காட்ட ஒரு மூட்டை நிறைய விஷயம் தானாக வந்து மடியில் விழுந்திருந்தது. அதன் கனத்தை ஒரு கணம் ருசித்துப் பார்த்தாள்.

"என்ன ஜனக்துலாரி, படகுல குசுகுசுன்னு?" என்று கரையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "தயிர் எப்படி?"

ஜீபச்சி எழுந்து நின்றாள். "எப்படி இருக்கும்? கல்லு மாதிரிதான் இருக்கும். உறை யாரோடதுன்னு நெனச்சீங்க? கல்யாணத்துக்கு வந்தப்ப என் சம்பந்தி கையால ஊத்திக் குடுத்த உறைதான். அதுலதான் இன்னிவரைக்கும் எங்க வீட்டுல தயிர் உறையுது. ஒரு சட்டிக்கு உறையைக் குடுத்தாங்க, பதிலுக்கு அஞ்சு சட்டியாக் கொண்டாந்திருக்கேன். ஊருக்கெல்லாம் அவங்க பங்கு போடட்டும்."

கொடுக்காத உறைக்குக் கிடைத்த பேரை ஜனக்துலாரி விடுகிறவள் இல்லை. அவள் எழுந்து, கையை மறுபடி இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"பின்ன? அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, பாலைச் சுண்டக் காய்ச்சு, நெருப்பைத் தணிச்சு வை, உறை விரல் சூட்டுல கலன்னு. சொன்னபடி செஞ்சிருக்கா. கெட்டிக்காரி." அதோடு நிற்காமல், ஊர்ப் பெண்களுக்குத் தயிர் உறைய வைக்கும் விதத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே ஆரம்பித்தாள். ஜீபச்சி பணிவாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். லோட்டன் சிரிப்பை அடக்க, கழியைக் கடித்துக்கொண்டான்.

பிரசங்கம் தாங்காமலோ என்னவோ, மேகம் விலகியது. வெட்டின நகம் மாதிரி, மெலிசாக, மேற்கே நிலா நின்றது.

"மருமகளே," என்று கூப்பிட்டாள் ஜனக்துலாரி. "வா. மொத சட்டி நீ தூக்கு. உன் அம்மா வீட்டுது."

அமோலா தண்ணீரில் இறங்கி வந்து, கவிழ்த்துப் பார்த்த அதே சட்டியை இரண்டு கையாலும் வாங்கி, நிலாவுக்கு நேராகத் தூக்கினாள். அவள் கை உயர்ந்ததும், கரை முழுக்கத் தட்டுகளும் பழங்களும் விளக்குகளும் உயர்ந்தன. ஜீபச்சியும் படகிலிருந்தபடியே இன்னொரு சட்டியைத் தூக்கிக் காட்டிவிட்டு, அதிலிருந்து ஒரு கை எடுத்து வாயில் போட்டாள். நாள் முழுக்கக் காய்ந்த தொண்டைக்குள் அது இறங்கிய சுகத்தை அவளே சொன்னால்தான் உண்டு.

"மேல வந்து உக்காந்து ரெண்டு பூரி தின்னுட்டுப் போ," என்றாள் ஜனக்துலாரி.

"பொண்ணு வீட்டுல கை நனைக்கிறதில்ல சம்பந்தியம்மா. கிளம்பறேன், எருமைங்க காத்துக்கிட்டிருக்கும்."

சட்டிகள் கரையேறின. லோட்டன் கழியை ஊன்றினான். படகு அசைந்தபோது ஜனக்துலாரி அதன் விளிம்பைப் பிடித்து நிறுத்தினாள். ஊர்ப் பெண்கள் தயிர்ப் பக்கம் போய்விட்டார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குனிந்து, அந்தத் தணிந்த குரலிலேயே சொன்னாள்:

"அடுத்த வாட்டி வர்றப்ப, அந்த உறை கொஞ்சம் குடு."